ஒரு விசில் அடித்தால் நிற்கும்

ஆள் இல்லை தம்பி, உட்காருங்கள். அந்தப் பையை மட்டும் எடுத்து என் மடியில் கொடுத்துவிடுங்கள். உள்ளே கடலை மிட்டாய் இருக்கிறது, நொறுங்கிவிடும். நீங்கள் சங்கரன்கோவிலா? நான் அதற்குக் கொஞ்சம் முன்னால் இறங்கிவிடுவேன், மாடசாமி கோயில் நிறுத்தத்தில். ஒரு பொருளைத் திரும்ப வாங்க வேண்டியிருக்கிறது. என் பொருள்தான். ஒரு சின்னப் பிள்ளையிடம் மாட்டிக்கொண்டது.

பஸ்ஸை எப்போது எடுப்பார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். கழுகுமலையில் பத்து நிமிஷம் நிற்கும் என்று சொல்வார்கள். எந்தக் கடிகாரத்தில் பத்து நிமிஷம் என்று சொல்லமாட்டார்கள். அதோ, காலரில் கைக்குட்டையைச் செருகிக்கொண்டு டீக்கடை வாசலில் நிற்கிறாரே, அவர்தான் கண்டக்டர். சண்முகவேல் என்று பெயர். டீ குடித்து முடித்தாகிவிட்டது. கிளாஸைக் கீழே வைத்தாகிவிட்டது. இப்போது வடைத் தட்டைப் பார்க்கிறார். எனக்குப் பொறுமை ஜாஸ்தி, அதனால் ஒன்றும் சொல்வதில்லை. பி.டி. மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆனவன் நான். பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்திப் பொறுமையைப் பழக்கினவன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத்தான் அது சுத்தமாகக் கிடையாது. பெற்றவர்களும் கண்டிப்பதில்லை. இதே பஸ்ஸில், இதே சீட்டில் போன மாதம் ஒன்றைப் பார்த்தேன். கேளுங்கள், எப்படியும் அவர் வடை தின்றுவிட்டுத்தான் வருவார்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை, முகூர்த்த நாள் வேறு. என்னிடம் படித்த பையனுக்குச் சங்கரன்கோவிலில் கல்யாணம். தாலி கட்டுவதைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, முதல் பந்திக்குப் போய்விட வேண்டும் என்று கிளம்பினேன். முதல் பந்தியில்தான் தம்பி, அவியல் அவியலாக இருக்கும். மூன்றாம் பந்தியில் அதுவே கூட்டாகிவிடும்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் அடிதடி. நான் எப்படியோ இந்த ஜன்னல் ஓரத்தைப் பிடித்துவிட்டேன். மூச்சு வாங்குவதற்குள் முன் ஜன்னல் வழியாக ஒரு துண்டு வந்து இந்தப் பக்கத்து சீட்டில் விழுந்தது. இடம் பிடிக்கத் துண்டு போடுவது வழக்கம்தானே. துண்டுக்குப் பின்னால் ஒரு பை வந்தது. பைக்குப் பின்னால் ஒரு பிள்ளை வந்தது. ஆறு வயதிருக்கும். ரெட்டை ஜடை, கழுத்தில் குறுக்கே மாட்டிய சின்னத் துணிப்பை. முன்சீட்டின் மேல் விழுந்து, தாண்டி வந்து, துண்டின் மேல் உட்கார்ந்துகொண்டது. வெளியிலிருந்து அப்பன்காரன் சொன்னான்:

"தனு, எடத்த விட்டுறாத. அப்பா சுத்தி வாரேன்."

படி ஏறி வர எவ்வளவு நேரம் ஆகும்? அவன் வரவில்லை. கூட்டமெல்லாம் ஏறிவிட்டது. நின்றவர்கள் எல்லோரும் அந்தக் காலி இடத்தைப் பார்க்கிறார்கள். ஒரு பெரிய உடம்புக்காரர் உட்காரப் பார்த்தார். பிள்ளை என்ன செய்தது தெரியுமா? சீட்டில் நீட்டிப் படுத்துக்கொண்டது. "எங்க அப்பா சீட்டு" என்றது. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அவர் உட்கார்ந்தால் நான் ஜன்னலோடு ஒட்டிப்போவேன் என்பதால் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பன் எங்கே என்று எட்டிப் பார்த்தால், யாரோ தெரிந்தவர் தோளில் கை போட்டுப் பேசிக்கொண்டு நிற்கிறான். பிள்ளை என் மடியில் ஏறி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "அப்பா, பேசுனது போதும், ஏறு" என்றது. பெற்ற தகப்பனைப் பார்த்துப் பேசுகிற பேச்சா அது? அவனும் சிரித்துக்கொண்டே வந்து ஏறினான்.

கோமதிநாயகம் என்று பெயர். கோவில்பட்டியில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான். நல்ல பையன்தான், ஆனால் ஊரில் யாரைப் பார்த்தாலும் நின்றுவிடுவான் போலிருக்கிறது. டிக்கெட் போட வந்த சண்முகவேல் அவனைப் பார்த்து, "ஏல கோமதி, நீயா" என்றார். இரண்டு பேரும் ஒன்றாகப் படித்தவர்களாம். போதாதா? அவன் சீட்டை விட்டு எழுந்து கண்டக்டர் கூடவே பேசிக்கொண்டு போய்விட்டான். இடம் பிடித்த பிள்ளை துண்டும் கையுமாக என் பக்கத்தில்.

அதற்கப்புறம் என்னைத் துளைத்து எடுத்துவிட்டது. மணி என்ன? இன்னும் எவ்வளவு தூரம்? ஏன் மெதுவாகப் போகுது? முன்னால் போகிற லாரியை ஏன் முந்தலை? மூச்சுக்கு மூச்சு தாத்தா, தாத்தா. நான் தாத்தா இல்லை, சார் என்று கூப்பிடு என்றேன். யோசித்துவிட்டு, "சரி, சார் தாத்தா" என்றது.

கடைசியில், உனக்கு என்ன இவ்வளவு அவசரம் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. குடும்பக் கதை முழுவதையும் கொட்டிவிட்டது.

கோமதிநாயகத்தின் தங்கச்சி ஆவுடைக்கு ஒரு கைக்குழந்தை. அதற்கு அன்றைக்கு மாடசாமி கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? அந்த மாமன் இவன். பத்தரைக்கு ராகு காலம், அதற்கு முன்னால் குத்தியாக வேண்டும். இவனோ தங்கச்சி கல்யாணத்துக்கே தாலி ஏறின பிறகு போய்ச் சேர்ந்த ஆள். அதை மாப்பிள்ளை இன்னும் விடவில்லை. மாமன் வந்து சேர்வதற்குள் பிள்ளைக்கு மீசை முளைத்துவிடும், பேசாமல் என் தம்பி மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்று போனிலேயே சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட நாள் முழுக்க ஆவுடை சாப்பிடவில்லையாம். அண்ணன் இந்தத் தடவையும் வராவிட்டால் அந்த வீட்டில் அவள் எப்படித் தலை நிமிர்வாள்?

இதெல்லாம் ஆறு வயசுப் பிள்ளைக்கு எதற்கு என்று நினைத்தேன். அதற்கு மேலும் சொன்னது. இவள் அம்மா முந்தின நாளே உதவிக்குப் போய்விட்டாளாம். போகும்போது, அப்பாவை நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியது உன் பொறுப்பு என்று இவளிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். குழந்தைக்குப் போட வேண்டிய கம்மல்கூட அப்பன் கையில் இல்லை, இவள் துணிப்பையில்தான் இருக்கிறது.

"அப்பாட்ட குடுத்தா எங்கயாச்சும் வச்சிட்டுப் பேசிட்டு நிப்பாங்களாம். அம்மா சொன்னாங்க."

பாருங்கள், பெற்றவர்கள் இப்படி வளர்த்தால் பிள்ளைக்குப் பொறுமை எங்கிருந்து வரும்?

பஸ் கழுகுமலைக்கு வந்தது. இதே இடத்தில்தான் நின்றது. கோமதிநாயகம், "தனு, மாலை வாங்கிட்டு வந்துர்றேன்" என்று இறங்கினான். கண்டக்டரும் கூடவே இறங்கினார். மாலையை வாங்கியதென்னவோ சீக்கிரம்தான். கையில் மாட்டிக்கொண்டு அதே டீக்கடை வாசலில் நின்றுவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக் கதையாக இருக்கும், ஒருத்தர் முதுகில் ஒருத்தர் தட்டித் தட்டிச் சிரிக்கிறார்கள். பிள்ளை ஜன்னல் வழியாகக் கத்துகிறது. அந்தப் பக்கம் பாட்டுச் சத்தம், காதில் விழவில்லை. டிரைவர் இஞ்சினை ஓட விட்டுவிட்டுப் பேப்பர் படிக்கிறார்.

எனக்கும் நேரம் ஆகிக்கொண்டிருந்தது தம்பி. அந்நேரம் சங்கரன்கோவிலில் இலை போட்டிருப்பார்கள். விசில் அடித்தால்தான் இந்த ஜென்மங்கள் நகரும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். பிள்ளைக்குப் பாம்புக் காது. எத்தனை விசில் என்று கேட்டது. ஒரு விசில் அடித்தால் நிற்கும், இரண்டு விசில் அடித்தால் போகும் என்றேன். பொது அறிவு. பிள்ளை கேட்டால் சொல்லக் கூடாதா?

அப்புறம் அதற்கு உதடு துடிக்க ஆரம்பித்தது. அழுகிற பிள்ளை பக்கத்தில் உட்கார என்னால் முடியாது. சட்டைப் பையில் என் விசில் இருந்தது. பித்தளை விசில், சர்வீஸ் முழுக்க என்னோடு இருந்தது. ரிட்டையர் ஆன பிறகும் அது பையில் இல்லாவிட்டால் சட்டையே போடாத மாதிரி இருக்கும். பிள்ளை கையில் கொடுத்தேன். கையில் வைத்துக்கொள்ளத்தான் கொடுத்தேன், ஊதச் சொல்லவில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். என் வீட்டுக்காரி அதை மட்டும் கவனிக்கவே மாட்டேன் என்கிறாள்.

இரண்டு விசில். சும்மா சொல்லக் கூடாது, நல்ல அழுத்தமான விசில். டிரைவர் பேப்பரை மடித்து வைத்தார், எடுத்துவிட்டார்.

யார்மேல் தப்பு, சொல்லுங்கள். ஒரு டிரைவர் கண்ணாடியைப் பார்க்க வேண்டாமா? கண்டக்டருக்குத் தன் பஸ் போவது தெரிய வேண்டாமா? நானும் உடனே கவனிக்கவில்லை. காற்று நன்றாக வந்தது. இப்போதாவது எடுத்தானே என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

கழுகுமலையில் ஏறினவர்களிடம் யாரும் டிக்கெட் கேட்கவில்லை. அவர்களும் அதைப் பற்றி யாரிடமும் முறையிடவில்லை. கத்தரிக்காய்க் கூடை வைத்திருந்த ஒரு அம்மாதான் கையை நீட்டிக்கொண்டே, "கண்டக்டரு எங்கய்யா?" என்றாள். அப்போதுதான் பிள்ளை திரும்பிப் பார்த்தது. துண்டு இருக்கிறது, அப்பா இல்லை.

இப்போது ஊளையிடப் போகிறது என்று காதைப் பொத்தத் தயாரானேன். அழவில்லை தம்பி. "அப்பாவ விட்டுட்டு வந்துட்டேன்" என்றது. அப்பா என்னை விட்டுவிட்டார் என்று சொல்லவில்லை, பாருங்கள். துணிப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கம்மல் மட்டும் போயி என்ன செய்ய?" என்று என்னைக் கேட்டது.  நான் யோசிப்பதற்குள் அதுவே முடிவெடுத்துவிட்டது. விசிலை வாயில் வைத்து ஒரு தடவை ஊதியது.

பஸ் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் கரிசல் காடு, ஒரு ஈ காக்காய் இல்லை. "யாருப்பா எறங்குறது?" என்று டிரைவர் திரும்பினார். யாரும் இறங்கவில்லை. ஒரு விசில் அடித்தால் நிற்கும் என்று நான் சொல்லிக் கொடுத்திருக்காவிட்டால் பஸ் சங்கரன்கோவில் போய்த்தான் நின்றிருக்கும். அதற்கு ஒருத்தரும் எனக்கு நன்றி சொல்லவில்லை.

டிரைவர் கண்டக்டருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எல்லோரும் கேட்டோம்.

"எங்கடா இருக்க?"

"டீக்கடையிலதான். நீ எடுத்துறாத, நம்ம கோமதி இன்னும் ஏறல."

"நான் எடுத்து வந்து காட்டுக்குள்ள நிக்கேன்டா."



பிறகு ஆளாளுக்குக் கேள்வி. யார் விசில் அடித்தது? பிள்ளை கையைத் தூக்கியது. விசில் யாருடையது என்று ஒரு இளவட்டம் கேட்டான். அதுவா இப்போது கேள்வி என்றேன். டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பெரியவங்க செய்ற வேலையா சார் இது?" என்றார். நான் செய்யவில்லையே, செய்தவள் இதோ இருக்கிறாள் என்று சொல்லலாம். ஆறு வயசுப் பிள்ளையைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஏற்கெனவே அது கையைத் தூக்கியிருந்தது என்பது வேறு விஷயம்.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. பிள்ளை மட்டும் மணி கேட்பதை நிறுத்திவிட்டது. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. மணி கேட்டாலாவது பதில் சொல்லலாம்.

கடைசியில் ஒரு குட்டியானை வந்தது. சமையல் பாத்திரம் ஏற்றிக்கொண்டு ஏதோ கல்யாணத்துக்குப் போகிற வண்டி. பின்னால் கோமதிநாயகம் ஒரு பெரிய அண்டாவுக்குள் நின்றுகொண்டு, மாலை கசங்காமல் இருக்கத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான். பக்கத்தில் சண்முகவேல் நாலு கரண்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. பஸ்ஸே சிரித்தது. டிரைவரும் சிரித்தார். பிள்ளை சிரிக்கவில்லை. ஏறி வந்த அப்பன் பிள்ளையைப் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன்.

"மணி பத்தாயிருச்சு. உள்ள உக்காரு" என்றது பிள்ளை.

உட்கார்ந்தான். அதற்கப்புறம் அவன் யாரோடும் பேசவில்லை. சண்முகவேலும் பேசவில்லை. என்னிடம் மட்டும் வந்து, விசிலைக் கொடுங்கள் சார் என்றார். என்னிடம் இல்லை, பாப்பாவிடம் இருக்கிறது என்றேன். பாப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

மாடசாமி கோயில் நிறுத்தத்தில் அப்பனும் பிள்ளையும் குதித்து ஓடினார்கள். விசில் அதன் கையிலேயே போகிறது. அவியல்தான் போய்விட்டது, விசிலும் போக வேண்டுமா? நானும் இறங்கி ஓடினேன். ரோட்டிலிருந்து கோயில் நல்ல தூரம், உழுத காட்டுக்குள்ளே ஒற்றையடிப் பாதை. கோமதிநாயகத்துக்கு இளம் வயசு, ஆனால் மூச்சுப் பயிற்சி இல்லை, பாதியிலேயே நாக்குத் தள்ளிவிட்டது. நான் பரவாயில்லை. பிள்ளை எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் ஜடை பறக்க ஓடுகிறது.

பந்தல் தெரிந்தது. மேளம் கேட்டது. ஆசாரி ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பது யார் என்கிறீர்கள்? மாப்பிள்ளையின் தம்பி. குழந்தையை அவன் மடியில் இறக்குகிறார்கள். ஒரு ஓரத்தில் பச்சைச் சேலை கட்டின பெண் ஒருத்தி குழந்தையைப் பார்க்காமல் ரோட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அதுதான் ஆவுடை. கோமதிநாயகம் கூப்பிடப் பார்க்கிறான், குரல் வரவில்லை. மாலையை ஆட்டுகிறான். மேளச் சத்தத்தில் யார் பார்க்கப் போகிறார்கள்?

பிள்ளை நின்றது. விசிலை வாயில் வைத்தது.

ஒரே விசில். நீளமாக. மைதானத்தில் நான் ஊதினால் பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பு வரைக்கும் கேட்கிற விசில் அது தம்பி. ஆசாரியின் கை அந்தரத்தில் நின்றது. மேளக்காரர் கோல் நின்றது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் பார்த்தது. ஓடிக்கொண்டிருந்த நானும் நின்றுவிட்டேன், பழக்க தோஷம்.

முதலில் பேசினது மாப்பிள்ளைதான்.

"வாங்க மச்சான். மீசை முளைக்கிறதுக்குள்ள வந்துட்டீங்க."

கோமதிநாயகத்துக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. ஆவுடை நேராக மணைக்குப் போய், "எந்திரிங்க கொழுந்தனாரே" என்று கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். மாமன் உட்கார்ந்தான். வாங்கின மூச்சில் மடி குலுங்க, குழந்தை மேலும் கீழும் ஆடுகிறது. மூச்சைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் என்று ஆசாரி அவனை அதட்டினார். பிள்ளை துணிப்பையிலிருந்து கம்மலை எடுத்துக் கொடுத்தது. ராகு காலத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே இரண்டு காதும் குத்தியாகிவிட்டது.

குழந்தை வீறிட்டது. பக்கத்தில் போய் தனு மெதுவாக விசிலை ஊதினாள். அழுகை நின்றது. ஊதுவதை நிறுத்தினால் திரும்ப வீறிடுகிறது. அந்த நேரத்தில் போய் என் விசிலைக் கொடு என்று கேட்க முடியுமா? அதற்குள் என்னைக் கூட்டிப்போய் இலையில் உட்கார வைத்துவிட்டார்கள். முதல் பந்தி. அவியல் அவியலாகவே இருந்தது.

ஆவுடை வந்து பரிமாறினாள். "எங்க அண்ணன நேரத்துக்குக் கொண்டாந்து சேத்தது நீங்கதானாமே, தனு சொன்னா" என்று இன்னொரு கரண்டி போட்டாள். இல்லை என்று சொல்லவில்லை. பாராட்டு வரும்போது மறுப்பது நாகரிகம் கிடையாது. யோசித்துப் பார்த்தால் எல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததுதானே?

பிள்ளை லீவுக்கு அங்கேயே அத்தை ஆவுடை வீட்டில் தங்கிவிட்டது. விசிலும்தான். வாங்கப் போனேன். முதல் தடவை போனபோது தூங்கிக்கொண்டிருந்தது, எழுப்ப வேண்டாம் என்று வந்துவிட்டேன். இரண்டாவது தடவை தாயம் ஆட உட்கார்ந்தோம். அழுகுணி ஆட்டம் ஆடுகிறது, விட முடியுமா? பொழுது போய்விட்டது, விசிலைக் கேட்கவே மறந்துவிட்டேன். ஒரு விசிலுக்கு இத்தனை நடையா என்று வீட்டுக்காரி கேட்கிறாள். கேட்டுவிட்டு அவளேதான் இந்தக் கடலை மிட்டாயைக் கட்டிக் கொடுத்தாள். இன்றைக்கு வாங்காமல் வரப்போவதில்லை. பதிலுக்குக் கொடுக்க ஒரு புது விசிலே வாங்கி வைத்திருக்கிறேன், ரோஸ் கலர்.

சண்முகவேல் இன்னும் வரவில்லை, பார்த்தீர்களா? இரண்டாவது வடை. நான் ஏறினால் அவர் முதலில் என் சட்டைப் பையைப் பார்ப்பார். "பாக்கெட்ல என்ன சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் டீக்கு இறங்குவார். இன்றைக்கும் கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். உண்மைதான், பாக்கெட்டில் இல்லை. கடலை மிட்டாய்க்கு அடியில் இருக்கிறது. இருங்கள், காட்டுகிறேன். இதோ.

டிரைவர் பேப்பரை மடித்துவிட்டார்போல் தெரிகிறதே? நீங்கள் ஏன் தம்பி எழுந்திருக்கிறீர்கள்? உட்காருங்கள். கடையில் ஊதிப் பார்க்க விடவில்லை. பிள்ளைக்குக் கொடுக்கிற பொருள், சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்காமல் கொடுக்கலாமா? ஒரு தடவைதான்.

சரி, இரண்டு தடவை.